வெர்லீன் பகல் ஷிஃப்டுக்காக ஆடிய ஆட்டம்

வெர்லீன் ஸ்டாக்கர் இருபது வருஷத்துக்கு மேல் ஊருக்கெல்லாம் சீட்டுப் போட்டவள். தனக்கென்று ஒரு கை வாங்கி ஆடியதே இல்லை. பௌல்டர் ஹைவே ஓரம் காப்பர் லேன்டர்ன் காசினோவின் சீட்டு அறையில், கறுப்பு போ-டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து போட்டாள், வாரினாள், மறுபடி போட்டாள். யாராவது, "நீயும் ஒரு கை ஆடேன்" என்றால், "நாள் பூரா சமைக்கிறவ எவளாவது ஆசையா உக்காந்து சாப்பிட்டுப் பாத்திருக்கியா?" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

அவளுடைய வலது கை தனி ஜென்மம். ஆட்டம் முடிந்து ஒருவர் தன் கையைத் திறந்து "எட்டு" என்றோ "ஒன்பது" என்றோ சொன்ன மாத்திரத்தில், அது எதிரில் கிடக்கும் சீட்டுகளை வழித்துக் கழிவுக் குவியலில் தள்ளிவிடும். வீட்டிலும் அதே கதைதான். புருஷன் டெல்மர் மாட்டுக்கறி ரோஸ்ட்டைப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருப்பான், இவள் தட்டை வாரிக்கொண்டு போய்விடுவாள். "ஏ புண்ணியவதி, நான் இன்னும் சாகல, என் கையை ஏன் தூக்கிட்டுப் போறே?" என்று அவன் கத்துவான். முன்பெல்லாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இன்னொன்றும் அவள் வாயில் இருந்தது. ஜெயித்த சீட்டைத் தெரியாமல் குவியலில் எறிந்துவிட்டு, "ஐயோ, அது நல்ல கை, எடுத்துக் குடு" என்று அழுகிற ஆட்டக்காரர்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவர்களிடம் கோபமும் இல்லாமல் இரக்கமும் இல்லாமல் சொல்வாள்: "குவியலைத் தொட்டுடுச்சு. செத்துப்போச்சு. மன்னிச்சுக்கோங்க." சட்டம் அதுதான், அவள் என்ன செய்வாள்.

டெல்மர் நீச்சல் குளங்களுக்குப் பூச்சு வேலை செய்தவன். பகலெல்லாம் வெயிலில் வெந்துவிட்டு ராத்திரி தூங்குவான். இவள் ராத்திரி வேலைக்குப் போய்விட்டு விடிந்த பிறகு தூங்குவாள். டிரெய்லர் வீட்டில் ஒரே கட்டிலை இரண்டு பேரும் முறை வைத்து வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். புதன்கிழமையானால் அவன் நகரத்துக்குப் போய் ராஸ் ஆடுவான். ராஸ் என்பது தலைகீழ் ஆட்டம். எல்லாரும் ராஜா வேண்டுமென்று ஏங்கும் உலகத்தில், ராஜா வந்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்டம் அது ஒன்றுதான். ஏழு சீட்டில் மிகச் சின்ன ஐந்து சீட்டு எவனிடம் இருக்கிறதோ அவன் ஜெயித்தான். ஏஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது; அந்த ஐந்தில் பெரிய சீட்டு எதுவோ அதுவே கையின் பெயர். ஜோடி சேர்ந்தால் கெட்டது. நாலு சீட்டு ஊரே பார்க்கத் திறந்து கிடக்கும், மூன்று கவிழ்ந்திருக்கும்.

பிறகு அவனுக்கு மூளையில் மறதிச் சனியன் பிடித்தது. முதலில் சாவியை மறந்தான், பிறகு தெருவை மறந்தான். போன மாதம் இவள் வேலையில் இருந்தபோது எழுந்து வெளியே போய்விட்டான். விடிந்து குப்பை லாரி ஓட்டுகிறவர்தான் பார்த்தார். ஹைவேக்கு நடுவில், வெறும் காலுறையோடு, இல்லாத ஒரு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு பக்கமும் லாரிகள் பறந்துகொண்டிருந்தன. வண்டி தட்டாமல் இருந்தது அவள் செய்த எந்தப் புண்ணியமோ தெரியாது.

அன்றிலிருந்து வெர்லீனுக்கு நெஞ்சுக்குள் ஒரு நிமிஷம் அமைதியில்லை. "வெளிய பூட்டிட்டு வந்துடேன்" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்காது. அவன் ராத்திரி எழுந்தால் காபி போடுகிறேன் என்று அடுப்பைப் பற்ற வைப்பவன். அவர்கள் வரிசையிலேயே ஒரு டிரெய்லர் எரிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் சக்கரமும் இரும்புச் சட்டமும்தான் மிச்சம். உள்ளே டெல்மர், வெளியே பூட்டு. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வசதியில்லை. பகலில் என்றால் சர்ச் மண்டபத்தில் அவன் மாதிரி ஆட்களை உட்கார வைத்துக் கவனித்துக்கொள்கிறார்கள். ராத்திரிக்குத்தான் நாதியில்லை. அவளுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்தால் ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். வேண்டியது அவ்வளவுதான்.

காப்பர் லேன்டர்னில் ஷிஃப்ட் பிரிப்பது வேலை மூப்புப்படி அல்ல. ஒரு காலத்தில் மூப்புச் சண்டையில் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. டிசம்பர் முதல் ஞாயிறு காலையில், சீட்டுப் போடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு போட்டி ஆடவேண்டும். ஜெயித்தவருக்கு முதல் தேர்வு. இந்த வருஷம் பகலில் ஒரே ஓர் இடம் காலி. ஆட்டம் ராஸ். ஏனென்றால் மற்ற ஆட்டங்களில் பாதிப் பேர் கில்லாடிகள், இதில் எல்லாருமே கத்துக்குட்டிகள் என்று மேலாளர் ஹார்மன் முடிவு செய்துவிட்டார்.

அந்த ஞாயிறு டெல்மரை வீட்டில் விட அவளுக்குத் துணிவில்லை. சிவப்பு ஜாக்கெட் போட்டுக் கூட்டி வந்து, மேஜைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் ஒரு தட்டில் செர்ரி பை, அதாவது பழம் வைத்துச் சுட்ட இனிப்பு, கொடுத்தாள்.

"இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சரியா?"

"நான் என்ன சின்னப் பையனா?" என்றான் டெல்மர். "நீ போய் ஆடு. ராஜா வந்தா விட்டுடு."

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குப் போடுகிறவரின் வலது கைப்பக்க இடம் விழுந்தது. கழிவுக் குவியல் அவள் விரல் எட்டும் தூரத்தில்.

முதல் நல்ல கையிலேயே அவள் சறுக்கினாள். ஏஸ், ரெண்டு, மூணு. இதைவிட நல்ல தொடக்கம் இந்த ஆட்டத்தில் கிடையாது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. நாலாவதாக ராஜா வந்தான். ஐந்தாவதாக ராணி வந்தாள். எதிரே, கூட வேலை பார்க்கும் நெஸ்டர் முன்னால் மூன்று சின்னச் சீட்டு வரிசையாகத் திறந்து கிடந்தன. ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயம் இரட்டிப்பு. விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். விடுவாளா? இவ்வளவு அழகாகத் தொடங்கிய கையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் டோக்கனைத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போனாள். கடைசியில் இன்னொரு ராஜா வந்து உட்கார்ந்தான்.

"அக்கா," என்றான் நெஸ்டர், டோக்கன்களை வாரிக்கொண்டே. மணிலாவிலிருந்து வந்தவன், எல்லாரையும் உறவு வைத்துத்தான் கூப்பிடுவான். "புதுசா ஆடறவங்க அத்தனை பேரும் அந்த ஏஸ்-ரெண்டு-மூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் சாவாங்க. நல்லா ஆரம்பிச்சதுக்கு யாரும் பரிசு தரமாட்டாங்க."

"உன் வேலையைப் பாருடா," என்றாள். திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். டெல்மர் செர்ரி பை தின்றுகொண்டிருந்தான்.

அடி வாங்கியதும் அடுத்த முட்டாள்தனம். எல்லாவற்றையும் விட ஆரம்பித்தாள். ஒரு கையில் அவள் முன்னால் நாலாம் நம்பர் சீட்டு திறந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு பேர் முன்னால் ராஜாவும் ராணியும். துணிந்து ஒரு பந்தயம் ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவள் பயந்து பயந்து குறைந்தபட்சத்தை மட்டும் வைத்தாள். ராணிக்காரன் சும்மா ஒரு சீட்டு பார்த்தான், சின்னது வந்தது, ஜெயித்துவிட்டுப் போனான். இன்னொரு கையில் அவளிடம் ஒன்பது முடிந்து தயாராக இருந்தது. எதிராளி முன்னால் இரண்டு நாலும் ஒரு ராணியும் பல்லிளித்துக்கொண்டு கிடந்தன. அவனிடம் அப்போதைக்கு ராணியைவிடச் சின்ன கை இருக்கவே முடியாது. கண் இருக்கிற யாருக்கும் அது தெரியும். அவன் டோக்கனை டங்கென்று வைத்த சத்தத்துக்கே பயந்து, இவள் ஒன்பதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் எந்தக் கத்துக்குட்டியும் செய்கிற தப்பு. ஒரு தப்பு மட்டும் சீட்டுப் போடுகிறவள் மட்டுமே செய்யக்கூடியது. ராஸ் ஆடுகிறவன், அடுத்தவர்கள் விட்டுவிட்டுப் போன சீட்டையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தனக்கு வேண்டிய சீட்டு இன்னும் சீட்டுக்கட்டில் இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரிய வேண்டும். வெர்லீனோ இத்தனை வருஷமாக மறப்பதற்கே பழகியவள். போடுகிறவள் சீட்டை ஞாபகம் வைத்தால் அவள் முகம் ஆட்டக்காரனுக்குத் துப்புக் கொடுத்துவிடும். அதனால் வாரும்போதே மனசையும் துடைத்துவிடுவாள். ஒரு கையில் அவள் ஐந்தாம் நம்பர் வருமென்று கடைசிவரை காசு போட்டாள். அந்த நம்பரின் நாலு சீட்டும் அவள் கண்ணெதிரேயே திறந்து கிடந்து, ஒவ்வொன்றாகக் குவியலுக்குப் போயிருந்தன. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. "அடிப் பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இடைவேளையின்போது அவள் முன்னால் இருந்த டோக்கன் ஒரு கைப்பிடிதான். கயிற்றைத் தாண்டி டெல்மரிடம் போய் அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த செர்ரிச் சாற்றைத் துடைத்தாள். அவன் மரியாதையாகச் சிரித்தான்.

"ரொம்ப நன்றி மிஸ்," என்றான். "என் பெண்டாட்டி இங்கதான் வேலை பாக்கறா. அவ வந்ததும் கொஞ்சம் சொல்றீங்களா?"

பகலிலேயே இப்படி. ராத்திரி, இருட்டில், தனியாக எழுந்தால் எங்கே போவான்? யாரைத் தேடிப் போவான்?

"சொல்றேன்," என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் வேறொருத்தி. தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். பெரிய பயம் வந்து சின்னப் பயங்களை மிதித்துவிட்டது, அவ்வளவுதான். டோக்கன் போய்விடுமோ, ஊர் சிரிக்குமோ என்பதெல்லாம் இப்போது கொசுக்கடி. ராஜா வந்த கையைப் பார்க்காமலே விட்டாள். எதிரே பெரிய சீட்டுகள் கிடந்தால், தன்னிடம் ஒன்றுமில்லாவிட்டாலும் பந்தயத்தை ஏற்றினாள். விட்டுவிட்டுப் போன ஒவ்வொரு சீட்டையும், உதட்டை அசைக்காமல், பல்லைக் கடித்து மனசில் நிறுத்தினாள். முதலில் நாலு சீட்டு நின்றது, பிறகு ஆறு. டோக்கன் ஏறியது. மூன்று மேஜை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிஞ்சியது இரண்டே பேர். வெர்லீனும் நெஸ்டரும்.

கடைசி மேஜைக்கு ஹார்மனே சீட்டுப் போடுவார். அவள் அவருக்கு வலது பக்கத்தில் அதே இடத்தில் இருந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பகல் எதுக்குன்னு எனக்குத் தெரியும்," என்றான் நெஸ்டர் மெதுவாக. "எனக்கும் வேணும். பாப்பாவுக்கு ரெண்டு வயசு. என் வீட்டுக்காரியும் ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டி."

"அப்ப பேசாம ஆடு," என்றாள் வெர்லீன். அவனை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தக் கை வந்தது. கவிழ்ந்தது ஏஸும் மூணும், திறந்தது ரெண்டு. நெஸ்டருக்கு ஆறு. பந்தயம் ஏறியது. அவளுக்கு ஏழு, அவனுக்கு எட்டு. மறுபடி ஏற்றினாள். ஐந்தாவதாக அவளுக்கு ஜாக்கி, அவனுக்கு நாலு. நெஸ்டர் டோக்கனைத் தள்ளினான். அவள் சமமாகத் தள்ளினாள். ஆறாவதாக அவளுக்கு ராணி, அவனுக்கு ராஜா. நடுவில் குவிந்து கிடந்ததில் அவள் உயிர் பாதி கிடந்தது. கடைசிச் சீட்டு கவிழ்ந்து வந்தது. மூன்று கவிழ்ந்த சீட்டையும் சேர்த்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

ஐந்து.

ஏழு, ஐந்து, மூணு, ரெண்டு, ஏஸ். எதிரில் கிடந்ததை வைத்துப் பார்த்தால் நெஸ்டர் இதை மிஞ்சுவது கஷ்டம். இப்போது பந்தயம் வைக்க வேண்டும். வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. இன்று ராத்திரியிலிருந்து டெல்மர் பக்கத்தில் படுக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் அவனைப் பார்க்கத்தான் தலையைத் தூக்கினாள்.

நாற்காலி காலி.

செர்ரி பை தட்டு தரையில் கிடந்தது. சிவப்பு ஜாக்கெட் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கம் ஹைவேயைப் பார்த்த கண்ணாடிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெயிலில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. கண் கதவை விட்டு நகரவில்லை.

"வெர்லீன், உன் முறை," என்றார் ஹார்மன்.

மேஜையைத் தட்டினாள். பந்தயம் இல்லை என்று அர்த்தம். நெஸ்டரும் தட்டினான். பிறகு அவன் தன் சீட்டுகளைத் திருப்பிப் போட்டு, கொஞ்சம் சோர்ந்த குரலில் சொன்னான்:

"எட்டு, ஆறு."

அவள் வலது கை அதைக் கேட்டது. அவள் கேட்கவில்லை. அவள் அந்தக் கதவில் இருந்தாள், வெளியே ரோட்டில் இருந்தாள். எட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாக எழுந்து, அவளுடைய ஏழு சீட்டையும் ஒரே வீச்சில் வழித்துக் குவியலுக்குள் தள்ளியது. சுத்தமாக, ஓசையில்லாமல், எத்தனை வருஷப் பழக்கம்.

"ஏ! அது ஏழாச்சே!" என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. "ஏழு-அஞ்சு! ஜெயிச்ச கையை எந்தக் கிறுக்கியாவது எறிவாளா, வெர்லீன்?"

டெல்மர்தான். கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறான். அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது அவனும் பார்த்திருக்கிறான். ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னான்.

வெர்லீன் அவனைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். பிறகு அவள் எந்த ஆட்டக்காரரிடமும் மதித்திராத குரல் அவள் தொண்டையிலிருந்தே வந்தது.

"ஹார்மன், அது ஏழு. எடுத்துப் பாருங்க. மேலதான் கிடக்கு. தயவு பண்ணி எடுத்துப் பாருங்க!"

ஹார்மன் குவியலைப் பார்த்தார். சீட்டுகள் கலந்து கிடந்தன. நெஸ்டர் குனிந்து தன் டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தான். அவனுக்கும் ஒரு குழந்தை இருக்கிறதே. அறையில் நின்ற அத்தனை பேரும் போடுகிறவர்கள். அத்தனை பேரும் அந்த வரியைத் தினம் சொல்கிறவர்கள்.

"குவியலைத் தொட்டுடுச்சு, வெர்லீன்," என்றார் ஹார்மன். அவர் கண்ணை அவள் மேல் வைக்க முடியவில்லை. "செத்துப்போச்சு. மன்னிச்சுக்கோ."

மிச்சமிருந்த டோக்கன் அடுத்த இரண்டு கையில் கரைந்தது. நெஸ்டர் எழுந்து சுவர்ப் பலகையில் பகல் என்ற இடத்தில் தன் பெயர்த் துண்டை மாட்டினான். மாட்டிவிட்டு அங்கேயே சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். வெர்லீனின் துண்டு எப்போதும் தொங்கிய ஆணியிலேயே தொங்கியது. அவள் எழுந்து, மேஜையை விடும்போது எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டுகிற பழக்கம் விடாமல், இரண்டு கையையும் தட்டிக் கேமராவுக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கையில் ஒன்றும் இல்லை.

டெல்மர் இப்போதெல்லாம் காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுகிறான். கூடப் பிறந்த அக்கா பெயர் மறந்துவிட்டது, தான் பூசிய குளங்கள் மறந்துவிட்டன. சில நாள் அவளையும் தெரிவதில்லை. ஆனால் அந்த ஒன்று மட்டும் எப்படியோ அவன் மண்டையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் நின்று போ-டை கட்டும்போதெல்லாம் கேட்டுவிடுவான்.

"ஏழு வச்சிருந்தியே. ஏன் தூக்கிப் போட்டே?"

"தெரியல கிழவா. கை போட்டுடுச்சு."

"இன்னிக்காவது திருப்பிக் காட்டு."

"காட்டறேன். நீ தூங்கு."

அவள் கேஸ் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினாள். திறக்கிற குறட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். அடுப்பை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள், மூன்றாவது தடவையும் பார்த்தாள். பிறகு வெளியே வந்து படியில் நின்றாள். உள்ளே அவன் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு கதவை நோக்கி வருவது கேட்டது. டிசம்பர் மாதத்துக் காற்று சுள்ளென்று அடித்தது. வரிசையின் கடைசியில், எரிந்துபோன டிரெய்லர் இருந்த இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

அவள் வெளியிலிருந்து பூட்டினாள்.